மிதந்து வந்த வீட்டின் மாடி ஜன்னல்

லாங் ரீச், நியூஃபவுண்ட்லாந்து
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா ட்ரூசில்லாவுக்கு,

உன் தம்பி கார்லண்ட் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. உன் இடுப்பு வலி தேவலையா?

கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்திருப்பாய். நானேதான். எழுபத்திரண்டு வயதில் எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது! லைப்ரரியில் நோரின் என்று ஒரு பெண் பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். இரண்டு குளிர்காலமாகப் போகிறேன். உன்னிடம் முன்பே சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் அசிங்கம் என்று இருந்தேன்.

ஆலிவைக் கட்டிய நாளிலிருந்து உன் கடிதங்களை அவள்தான் படித்துக் காட்டுவாள், நான் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவாள். அவள் போன பிறகு வந்த உன் கடிதங்களை ரொட்டி டின்னில் போட்டு வைத்தேன். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. போனில் பேசலாம் என்றால் போன் சத்தம் உன் காதுக்கு எட்டுவதில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு டின்னைத் திறந்து எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்து முடித்தேன். "என் மேல் கோபமா, ஏன் பதில் இல்லை?" என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கிறாய். கோபம் இல்லை அக்கா. எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

வருகிற அக்டோபரில் லைப்ரரியில் ஒரு கூட்டம். படிக்கக் கற்றவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு பக்கம் எழுதி மேடையில் வாசிக்க வேண்டும். எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. வீடு மிதந்து வந்த நாளில் அம்மா மாடி ஜன்னலில் நின்று கையாட்டினாளே, அதுதான். அவள் தலையில் கட்டியிருந்த துணி பச்சையா, நீலமா? அது மட்டும் சந்தேகம். நீ பெரியவள், உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாலு வயதில் எத்தனையோ நாள் விடிந்திருக்கும், எத்தனையோ தடவை அம்மா எனக்கு ஊட்டியிருப்பாள். எல்லாம் போய்விட்டது. அந்த ஜன்னல் மட்டும் ஏன் நிற்கிறது?

கை வலிக்கிறது. ஆனால் சுகமான வலி.

உன் தம்பி
கார்லண்ட்


ஹாமில்டன், ஒன்டாரியோ
20 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி கார்லண்டுக்கு,

கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். நான் இருக்கிறேன். இடுப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது.

உன் கடிதத்தைத் தபால் பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டாள். "என் தம்பிக்கு எழுதத் தெரியுது" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மூன்று வருடமாக உனக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்து யோசித்து எதையெதையோ கண்டுபிடித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் இன்று தூக்கிப் போட்டேன்.

கூட்டத்துக்கு நீ ஆட்டுக் கதையை எழுதலாமே? பாதிரியார் தொப்பியை நம் ஆடு தின்றதே, அது. எல்லோரும் சிரிப்பார்கள். மேடையில் ஏறிச் சிரிக்க வைப்பதுதான் நல்லது. துணியின் நிறமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது?

ஏன் சிலது மட்டும் நிற்கிறது என்று கேட்டாய். திரும்பத் திரும்பச் சொன்னது நிற்கும். நீ அதைச் சின்ன வயதிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாய். அதனால் நிற்கிறது.

இங்கே பனி அழுக்காகக் கிடக்கிறது. முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

அக்கா
ட்ரூ


லாங் ரீச்
10 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் சேர்த்து ஞாயிறன்று வேண்டிக்கொண்டேன்.

ஆட்டை நினைத்து உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஹெஸ் மாமா அதை என்னைவிட நன்றாகச் சொல்வார். தொண்ணூறு தாண்டியும் அவருக்கு வாய் ஓயவில்லை. "என்னடா கார்லண்ட், பள்ளிக்கூடத்துல பென்சிலைத் தின்னியா?" என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்கிறார். "இல்ல மாமா, உங்க மருந்துச் சீட்டைப் படிச்சேன். ராத்திரி போடற மாத்திரையைக் காலையில போடறீங்க" என்றேன். உண்மையில் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

எழுதியதைக் கீழே தருகிறேன். திருத்திக் கொடு.

"எனக்கு நாலு வயது. பென்னிக் குடாவில் இருந்த எல்லோரையும் ஊரைக் காலி செய்து லாங் ரீச்சுக்குப் போகும்படி அரசாங்கம் சொன்னது. அப்பா வீட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார். வீட்டைச் சுற்றிக் காலிப் பீப்பாய்களைக் கட்டி, ஆகஸ்டில் கடல் நன்றாக ஏறிய நாளில் தண்ணீரில் இறக்கினார்கள். ஐந்து படகுகள் கயிறு கட்டி இழுத்தன. நான் அப்பாவின் படகில் இருந்தேன். என் அம்மா வசந்தத்திலிருந்து செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீடு கடலில் வந்துகொண்டிருந்தது. மாடி ஜன்னலில் என் அம்மா! தலையில் துணி கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அந்த ஒரு நாளைக்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் இறந்துவிட்டாள். பென்னிக் குடாவுக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அவளுடைய வேறு எந்த முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. அது போதும்."

கடைசி வரியை எழுதியபோது நோரின் மூக்கைச் சிந்தினாள். சளி என்றாள்.

பச்சையா, நீலமா?

உன் தம்பி
கார்லண்ட்


ஹாமில்டன்
25 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஏப்ரல் மாதம் எனக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு வேலையும் ஓடாது.

திருத்த ஒன்றும் இல்லை. எழுத்தெல்லாம் சரி. கூட்டத்துக்கு யார் யார் வருவார்கள்? ஹெஸ் மாமா வருவாரா? அந்த நாளில் படகில் இருந்தவர்களில் இன்னும் யார் இருக்கிறார்கள்?

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

துணி பச்சை. வெள்ளைப் புள்ளி போட்டது.

அக்கா
ட்ரூ


லாங் ரீச்
12 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பச்சை! வெள்ளைப் புள்ளி! படித்தவுடன் புள்ளிகூடத் தெரிந்துவிட்டது. உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இந்த மாதிரி விஷயம் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ எங்கே இருந்தாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். வரவில்லை. உனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். கோழிக் கூண்டோடு வேறு படகில் வந்திருப்பாய். ஹெஸ் மாமா நிச்சயம் வருவார். முன் வரிசை வேண்டுமாம்.

ஜூலைக் கடைசி ஞாயிறு வழக்கம்போல பென்னிக் குடா போகிறோம், கல்லறைகளைச் சுத்தம் செய்து ஜெபம் சொல்ல. வருஷா வருஷம் போகிறேன். அம்மாவின் கல்லில் செதுக்கின ஆட்டுக்குட்டியைத் தடவிப் பார்த்துத்தான் இது அவள் என்று தெரிந்துகொள்வேன். இந்த வருஷம் தடவ வேண்டாம். படிக்கப் போகிறேன்! என் அம்மாவின் பெயரை நானே படிக்கப் போகிறேன் அக்கா.

உன் தம்பி
கார்லண்ட்


ஹாமில்டன்
20 மே 2024

கார்லண்டுக்கு,

நலமா? உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

இந்த வருஷம் பென்னிக் குடாவுக்குப் போகாதே. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு படகில் ஏறி, பாறையில் ஏறி, எதற்கு? இறங்கும் துறையும் உடைந்து கிடக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். கல்லெல்லாம் பாசி பிடித்திருக்கும், ஓர் எழுத்தும் தெரியாது. அடுத்த வருஷம் நான் வருகிறேன். சேர்ந்து போகலாம்.

எனக்காக இதைக் கேள்.

ட்ரூ


லாங் ரீச்
29 ஜூலை 2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிறேன்.

நேற்றுப் போனேன். பாசி பிடித்துத்தான் இருந்தது. படகுச் சாயம் சுரண்டும் கத்தி என் பையில் இருந்தது.

பெயரைப் படித்தேன். சத்தமாகவே படித்தேன். கேட்டவர்கள் கை தட்டினார்கள். அதற்குக் கீழே இருந்ததையும் படித்தேன். 19 ஏப்ரல் 1956.

நாம் வீட்டை இழுத்து வந்தது அந்த ஆகஸ்டில்.

கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஹெஸ் மாமா பக்கத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, இங்க ஏப்ரல்னு போட்டிருக்கு."

"அதுவரைக்கும் படிக்க வந்துடுச்சா உனக்கு?"

"அம்மா குளிர்காலத்துலல்ல செத்தா? கல்லு வெட்டினவன் தப்பா வெட்டிட்டானா?"

"ஆமா. தப்பாதான் வெட்டிட்டான்னு வச்சுக்கயேன். குடிகாரப் பய."

"மாமா, என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. புல்லையே பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"நான் உங்கப்பாவுக்கு அடுத்த படகுல இருந்தேன்டா. நீ பாட்டுக்கு அழுதுட்டு வந்த. வசந்தத்துலேர்ந்து உனக்கு அழுகைதான். திடீர்னு எழுந்து நின்னு 'அம்மா'ன்னு கத்துன. எல்லாப் படகு ஆளுங்களும் திரும்பினோம். ஜன்னல்ல உங்கம்மாவோட பச்சைத் துணி. நான் தொப்பியைக் கழட்டிட்டேன். நாலு மாசம் முந்தி அவ சவப்பெட்டியைத் தூக்கினவன் நான். உங்கப்பா இஞ்சினை விட்டுட்டாரு. கயிறு தொய்ஞ்சு வீடு ஒரு பக்கம் சாயுது. எங்கப்பாதான் கத்தினாரு, 'ஓட்டுய்யா, பொணமாட்டம் நிக்காத, ஓட்டு!' நீ மட்டும் சிரிச்ச. ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் எவன்டா வாயைத் திறப்பான்?"

"ஜன்னல்ல நின்னது யாரு மாமா?"

"அது நான் சொல்ற சேதி இல்ல. உனக்குத்தான் எழுதத் தெரியுதே. எழுதிக் கேளு."

எழுதிக் கேட்கிறேன்.

இன்னொன்றும் நினைத்தேன். ஆலிவ் என்னோடு வருஷா வருஷம் அந்தக் கல்லுக்கு வந்தாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். வீடு மிதந்த கதையும் ஆயிரம் தடவை என்னிடம் கேட்டவள். ஒவ்வொரு தடவையும், "எழுத்து அழகா வெட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து களை பிடுங்குவாள். படிக்கத் தெரிந்த எல்லோரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் ஒருவன்தான் போய்ப் படித்தேன்.

கார்லண்ட்


லாங் ரீச்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதில் வரவில்லை. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு எழுதுவாளா? எழுதினால் நானே படித்துக்கொள்வேன் என்று அவளிடம் சொல்லி வை.

எனக்குக் கோபம் இல்லை. அம்மா என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்று. வேறு ஏதாவது இருக்கிறதா என்று படுத்துக்கொண்டு தேடுகிறேன். ஒரு கை, ஒரு குரல், ஏதாவது. ஒன்றும் வருவதில்லை. காலி அறையில் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருக்கிறது. கல்லை நான் படிக்காமல் இருந்திருக்கலாம். இத்தனை சந்தோஷப்பட்டுக் கற்றேன், முதலில் படித்தது இதுவா?

முழங்காலால் நான் மாடிக்குப் போய் நாலைந்து வருஷம் இருக்கும். நேற்று ஏறினேன். அப்பா இழுத்து வந்த அதே வீடு, அதே ஜன்னல்தானே. வெளியேயிருந்தே அதை நினைத்துப் பழகியவன், முதல் தடவையாக உள்ளே நின்றவளின் இடத்தில் நின்று கடலைப் பார்த்தேன். ஜன்னல் கட்டை என் இடுப்புக்கு வருகிறது. பதினொரு வயதுக் குழந்தைக்கு நெஞ்சுக்கு வரும். பெரியவள் உயரத்துக்கு வெளியே தெரியும்படி நிற்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றின் மேல் ஏறித்தான் நின்றிருக்க வேண்டும்.

எதன் மேல் ஏறி நின்றாய் அக்கா?

உன் தம்பி
கார்லண்ட்


ஹாமில்டன்
15 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி கார்லண்டுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? பல தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

அம்மாவின் துணிப்பெட்டி மேல் ஏறி நின்றேன்.

செத்தவளின் துணியைப் புது ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது, கரையிலேயே கொளுத்திவிட வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். அப்பா அவர்களைத் தடுக்கவில்லை. அதனால் நான் பெட்டியோடு மாடியில் ஒளிந்துகொண்டேன். கோழிப் படகில் இருக்கிறேன் என்று அப்பா நினைத்தார். நீயும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருக்கிறாய்.

வீடு தண்ணீரில் இறங்கியதும் கீழே சாமான்கள் உருள ஆரம்பித்தன. படியில் எட்டிப் பார்த்தேன். சமையலறையில் தண்ணீர். பயத்தில் பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அதில் அவள் வாசனை இருந்தது. பிறகு தலையில் கட்டிக்கொண்டேன். உனக்காக இல்லை தம்பி. எனக்காகத்தான் கட்டினேன். கரை இன்னும் தெரிகிறதா என்று பார்க்கத்தான் ஜன்னலுக்குப் போனேன்.

நீ கத்தினாய். யாரைக் கூப்பிடுகிறாய் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. துணியைக் கழற்றக் கை வைத்தேன். ஆனால் நீ சிரித்தாய். ஏப்ரலிலிருந்து நீ சிரித்து நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வைத்த கையை அப்படியே உயர்த்தி ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

கரை சேர்ந்ததும் அப்பா மாடிக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "அவன் அம்மாவைப் பாத்துட்டான். இருக்கட்டும் விடு" என்றார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகத்தானே உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது அப்படியே வளர்ந்தது. என் தலையில் நீ அந்தத் துணியைப் பார்த்துவிடக் கூடாதென்று அப்பா அதை அன்றைக்கே அடுப்பில் போட்டார். ஊர்ப் பெண்கள் சொன்னதுதான் கடைசியில் நடந்தது.

அதற்குப் பிறகு நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நானும் அங்கேதான் இருந்தேன். உனக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டோ, உன் கையுறையைத் தைத்துக்கொண்டோ. ஒரு நாளாவது, "ட்ரூ எங்கே இருந்தாள்?" என்று நீ கேட்பாய் என்று பார்த்தேன். பதினேழு வயதில் நான் இங்கே வந்தது அதனால் என்று நினைக்காதே. வேலைக்காகத்தான் வந்தேன்.

திரும்பத் திரும்பச் சொன்னதுதான் நிற்கும் என்று உனக்கு எழுதினேன். அது பொய். நான் யாரிடமும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கும் நிற்கிறது. அம்மாவின் முகம் எனக்கும் போய்விட்டது கார்லண்ட். நினைத்தால் அந்த ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகம்தான் வருகிறது, தலையில் அவள் துணியோடு.

கூட்டத்தில் ஆட்டைப் பற்றியே வாசி.

அக்கா
ட்ரூசில்லா


லாங் ரீச்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா ட்ரூசில்லாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். நீ சுகமாக இரு. இன்னும் கொஞ்ச நாளைக்காவது கட்டாயம் இரு, காரணம் கீழே சொல்கிறேன்.

சனிக்கிழமை கூட்டம் நடந்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தேன். மேடைக்குப் போகும்போது ஹெஸ் மாமா, "டேய், தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்க!" என்றார். நான் குனிந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆடு இல்லாமலே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு வாசித்தேன். பீப்பாய், படகு, கயிறு எல்லாம் முன்பு எழுதியபடி. ஜன்னல் வந்ததும் இப்படி வாசித்தேன்: "அங்கே என் அக்கா நின்றாள். அவளுக்குப் பதினொரு வயது. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அம்மா இல்லை. நான் அவளைப் பார்த்து அம்மா என்று கத்தினேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை." அதற்கு மேல் இருந்த வரிகளைப் படிக்க முடியவில்லை. எழுத்து தெரியாததால் இல்லை. நோரின் வந்து பக்கத்தில் நின்றாள். முன் வரிசையில் ஹெஸ் மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். அம்மா எனக்கு இப்போது இல்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதைவிட ஒன்று என்னை அரிக்கிறது. நீ ஹாமில்டனுக்குக் கிளம்பின நாள் எப்படி இருந்தது, மழையா வெயிலா, துறைக்கு நான் வந்தேனா, நீ திரும்பிப் பார்த்தாயா, ஒன்றும் எனக்கு நினைவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. நினைவிருக்க வேண்டிய வயதுதான். என்னை வளர்த்தவள் போயிருக்கிறாள், நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். நிற்க வேண்டியது நிற்கவில்லை அக்கா. அதைத் தேடி எந்த மாடிக்கு ஏறுவது?

நவம்பர் ஒன்பதாம் தேதி விமானத்தில் வருகிறேன். டிக்கெட்டை நானே படித்துச் சரிபார்த்தேன். உன் கட்டடம் உயரமானது என்று எழுதியிருந்தாய். ஆறாவது மாடி என்றாயே, தெருப்பக்கம் ஜன்னல் இருக்கிறதா? நான் மதியம் வந்து கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். நீ ஜன்னலுக்கு வந்து நில். எதன் மேலும் ஏறாதே, இடுப்பு வலிக்கும். கையை ஆட்டு.

தலையில் எதுவும் கட்டிக்கொள்ளாதே.

உன் தம்பி
கார்லண்ட்